'கிவ் ஆஃப்' என்றால் என்ன? – ஆங்கிலத் தொடர்வினைகளின் கதை

தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரியில் கால் வைத்த மாணவர் ஒருவர் தாவரவியல் நூலைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'ஃபோட்டோசிந்தசிஸ்' என்ற நீண்ட சொல் அவரை அச்சுறுத்துவதில்லை. ஒளிச்சேர்க்கை என்று பள்ளியிலேயே படித்ததுதான். மறந்துபோனாலும் கலைச்சொல் அகராதியைப் புரட்டினால் ஒரு நொடியில் அகப்பட்டுவிடும். அடுத்த வரியில்தான் வினை இருக்கிறது. தாவரங்கள் ஆக்சிஜனைக் 'கிவ் ஆஃப்' செய்கின்றன என்று நூல் கூறுகிறது. 'கிவ்' என்றால் கொடு. 'ஆஃப்' என்றால்? விளக்கை அணைக்கும்போது சொல்கிறோமே, அந்த 'ஆஃப்' அல்லவா! அப்படியானால் தாவரம் ஆக்சிஜன் கொடுப்பதை நிறுத்திவிடுகிறதா?

இல்லை, வெளிவிடுகிறது என்பதே பொருள். அதாவது மாணவர் புரிந்துகொண்டதற்கு நேர் எதிர்.

ஆய்வுக்கூடக் குறிப்பேட்டிலும் இதே தொல்லை. கருவியைச் 'செட் அப்' செய், சோதனையைக் 'கேரி அவுட்' செய், கரைசலை 100 மில்லி லிட்டருக்கு 'மேக் அப்' செய், விடையை 'வொர்க் அவுட்' செய் என்று வரிக்கு வரி கட்டளைகள். செட், கேரி, மேக், வொர்க் ஆகியவை ஆறாம் வகுப்பிலேயே அறிந்த சொற்கள். அப், அவுட் ஆகியவையும் அப்படியே. தனித்தனியே தெரிந்த இரண்டு சொற்கள் சேர்ந்ததும் தெரியாத மூன்றாவது ஒன்றாகி விடுகின்றன. அறிவியலின் கடினமான பகுதியைக் கடந்துவிட்ட மாணவர் இந்தச் சின்னஞ்சிறு சொற்களில் தடுக்கி விழுகிறார். தமக்கு அறிவியல் வரவில்லை என்று அவரே முடிவு கட்டிக்கொள்வதும் உண்டு. அதுதான் வருந்தத்தக்கது.

ஒரு வினைச்சொல்லும் அப், அவுட், ஆஃப், ஆன், இன் போன்ற இடைச்சொல் ஒன்றும் கூடிப் புதுப்பொருள் தரும் இவ்வமைப்பை ஆங்கிலத்தில் 'ஃபிரேசல் வெர்ப்' என்பர். நாம் இதைத் தொடர்வினை என்று குறிப்போம். ஆங்கிலேயர் ஏன் இப்படிப் பேசத் தொடங்கினர்? இதற்கு விடை காண ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

முன்னே நின்ற சொல் பின்னே சென்றது

பழைய ஆங்கிலத்தில் இடைச்சொல் பெரும்பாலும் வினைக்கு முன்னே ஒட்டாக நின்றது. இன்றும் வழங்கும் 'ஃபர்கிவ்', 'அண்டர்ஸ்டாண்டு', 'வித்ஸ்டாண்டு', 'ஓவர்கம்' முதலியன அக்காலத்து எச்சங்கள். 'வித்ஸ்டாண்டு' என்பதில் உள்ள 'வித்' என்பதற்கு அன்று 'உடன்' என்ற பொருள் இல்லை. 'எதிராக' என்பதே பொருள். ஆகவே எதிர்த்து நில், தாங்கு என்ற பொருள் வந்தது. ஆங்கிலத்தின் உறவு மொழியான ஜெர்மன், முன்னொட்டு முறையை இன்றும் நன்கு காத்து வருகிறது. 'எழுந்திரு' என்பதற்கு 'ஆஃப்ஷ்டேஹென்' என்று அகராதியில் ஒரே சொல்லாக இருக்கும். வாக்கியத்தில் வரும்போது 'ஆஃப்' மட்டும் கழன்று கடைசிக்குப் போய்விடும்.

தமிழருக்கு இந்தப் பழைய முறை அந்நியமானதன்று. மேல் என்பதும் கொள் என்பதும் சேர்ந்து 'மேற்கொள்' ஆகிறது. வெளி, இடு ஆகியவை சேர்ந்து 'வெளியிடு'. உள், கொள் ஆகியவை சேர்ந்து 'உட்கொள்'. நம் மொழியில் வினை எப்போதும் முடிவில் நிற்பதால், திசை காட்டும் சொல் அதற்கு முன்னேதான் வரமுடியும். பழைய ஆங்கிலத்திலும் வினை வாக்கியத்தின் இறுதியில் நிற்கும் வழக்கம் ஓரளவு இருந்தது. பின்னர் வினை நடுவுக்கு நகர்ந்து நிலைபெற்றது. இடைச்சொல் அதன் பின்னே தங்கியது. 'கெ', 'அ', 'பி' போன்ற அழுத்தமற்ற முன்னொட்டுகள் உச்சரிப்பில் தேய்ந்து பொருளிழந்தன. அவை செய்த வேலையைச் செய்ய அழுத்தமாக ஒலிக்கும் வேறு சொற்கள் வேண்டியிருந்தன. அப், அவுட் போன்றவை அவ்விடத்திற்கு வந்து சேர்ந்தன.

இம்மாற்றத்திற்கு வெளியிலிருந்தும் ஓர் உந்துதல் கிடைத்தது. கி.பி. 793-இல் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள லிண்டிஸ்ஃபார்ன் மடத்தை ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகள் தாக்கினர். 865-இல் பெரும்படையாக வந்து இறங்கினர். கொள்ளையடிக்க வந்தோரில் பலர் பின்னர் குடியேறி உழவர்களாயினர். டார்பி, விட்பி, கிரிம்ஸ்பி என்று 'பி'யில் முடியும் ஊர்ப்பெயர்கள் அவர்கள் விட்டுச் சென்றவை. அந்த ஈற்றுக்கு ஊர் அல்லது பண்ணை என்று பொருள்.

இவர்கள் பேசிய பழைய நோர்ஸ் மொழி, வினையின் முன்னொட்டுகளை அதற்குள் பெரும்பாலும் இழந்துவிட்டிருந்தது. அதில் இடைச்சொல் வினைக்குப் பின்னே நின்றது. அண்டை வீட்டாராகிவிட்ட இரு கூட்டத்தாரும் ஆடு மாடு வாங்கவும் விற்கவும் பெண் கொடுக்கவும் எடுக்கவும் பேசியாக வேண்டும். நோர்ஸ் மொழியின் தாக்கம் எவ்வளவு, ஆங்கிலத்தின் இயல்பான வளர்ச்சி எவ்வளவு என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆங்கிலம் தானாகவே நகரத் தொடங்கிய திசையில் நோர்ஸ் அதைப் பின்னிருந்து தள்ளியது என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. ஒன்று மட்டும் உறுதி. இன்று தொடர்வினைகளில் மிகுதியாகப் பயன்படும் 'டேக்', 'கெட்' ஆகிய இரு வினைகளும் நோர்ஸ் மொழியிலிருந்து வந்தவையே. 'எடு' என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் இருந்த 'நிமன்' என்ற சொல்லை 'டேக்' விரட்டிவிட்டது. 'கிவ்' ஆங்கிலச் சொல்தான் என்றாலும் முன்பு அதன் முதலெழுத்து யகரம்போல் ஒலித்தது. அது ககரமாக மாறியதும் நோர்ஸ் தாக்கத்தாலேயே.

வைக்கிங்குகள் குடியேறிய பகுதியில் பீட்டர்பரோ என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள கிறித்தவ மடத்தின் துறவிகள் 1154 வரை ஆண்டுக் குறிப்புகள் எழுதி வந்தனர். அவற்றின் பிற்பகுதியில், ஒப்படைத்துவிடு என்ற பொருளில் 'கிவ் அப்' என்பதன் பழைய வடிவம் காணப்படுகிறது. நம் மாணவர் இன்று மனப்பாடம் செய்யும் ஒரு தொடருக்கு வயது எண்ணூற்று ஐம்பதுக்கும் மேல்!

அடுக்களையும் அரசவையும்

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அரசவை, நீதிமன்றம் ஆகியவற்றில் பிரெஞ்சு அமர்ந்தது. திருச்சபையிலும் கல்வியிலும் இலத்தீன் இருந்தது. இதனால் ஆங்கிலத்தில் ஒரே செயலுக்கு இரண்டு சொற்கள் உண்டாயின. 'கோ ஆன்' என்பது வீட்டுப் பேச்சு, 'கன்டினியூ' என்பது ஏட்டு நடை. 'கிவ் அப்' – 'சரண்டர்', 'புட் அவுட்' – 'எக்ஸ்டிங்குயிஷ்', 'புட் அப் வித்' – 'டாலரேட்' ஆகிய இணைகளும் இத்தகையவே.

இங்கேதான் நமக்கும் ஆங்கிலக் குழந்தைக்கும் வேறுபாடு. அக்குழந்தை இரண்டு வயதில் 'புட் அவுட்' கற்கிறது. 'எக்ஸ்டிங்குயிஷ்' என்பதைப் பள்ளிக்குப் போன பிறகே அறிகிறது. நாமோ திரையரங்குச் சுவரில் மாட்டியுள்ள சிவப்பு உருளையில் 'ஃபயர் எக்ஸ்டிங்குயிஷர்' என்று படித்து வளர்ந்தவர்கள். 'புட் அவுட்' என்றதும் திகைக்கிறோம். ஏட்டிலிருந்து மொழி கற்போர் மாடியில் நுழைந்து கீழ்த்தளத்திற்கு இறங்கி வருகின்றனர். இது அறிவுக் குறைவன்று. நுழைந்த வாயில் வேறு.

அகராதிக்காரர்கள் பட்ட பாடு

இத்தொல்லையை முதலில் தெளிவாக எடுத்துரைத்தவர் டாக்டர் சாமுவேல் ஜான்சன். 1755-இல் அவர் வெளியிட்ட அகராதியில் நாற்பதாயிரத்திற்கும் மேற்பட்ட சொற்கள் இருந்தன. அதன் முன்னுரையில், வினையோடு இடைச்சொல் சேர்ந்து பொருள் மாறும் இம்முறை வேறெதையும்விட அயல்நாட்டாருக்குப் பெருந்தொல்லை தருவது என்று குறிப்பிட்டார். இவற்றை மிகுந்த கவனத்துடன் தொகுத்திருப்பதாகவும், தொகுப்பு முழுமையானது என்று தம்மால் கூற முடியாவிட்டாலும், இனி இது மாணவர்களால் கடக்க முடியாத தடையாக இராது என்று நம்புவதாகவும் எழுதினார். பெரியவரின் நம்பிக்கை இருநூற்று எழுபது ஆண்டுகளாகப் பலித்தபாடில்லை.

இதற்கு ஒரு பெயர் கிடைத்த வரலாறும் சுவையானது. ஹென்றி பிராட்லி என்பவர் ஷெஃபீல்டு நகரில் கத்தி முதலியன செய்யும் நிறுவனம் ஒன்றில் இருபது ஆண்டுகள் எழுத்தராக வேலை பார்த்தவர். பல்கலைக்கழகப் பட்டத்தின் வழியே வந்த அறிஞரல்லர். பல மொழிகளைத் தாமே முயன்று கற்றார். 1884-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் முதல் பகுதி வெளிவந்தபோது அதற்கு அவர் எழுதிய மதிப்புரை, பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மரேயைக் கவர்ந்தது. பிராட்லியும் பின்னர் பதிப்பாசிரியரானார். அவருக்கு ஒதுக்கப்பட்ட எழுத்துகளில் ஜி, எல், எம் ஆகியவையும் எஸ் எழுத்தின் ஒரு பகுதியும் அடங்கும். கிவ், கெட், கோ. லுக், லெட், லே. மேக், செட் என்று தொடர்வினைகளின் தாய்ச்சொற்கள் எல்லாம் அவர் தலையிலேயே விழுந்தன என்பது இதனால் விளங்கும். 'ஃபிரேசல் வெர்ப்' என்ற பெயரைக் கூறியவரும் இவரே. இவர் 1923-இல் மறைந்தார். 1925-இல் லோகன் பியர்சால் ஸ்மித் எழுதிய 'வேர்ட்ஸ் அண்டு இடியம்ஸ்' என்ற நூலில், பிராட்லி தந்த பெயர் என்ற குறிப்புடன் அது பரவலாயிற்று.

அதன் பின்னர் தொடர்வினைகளைக் கற்பிக்கும் முயற்சிகள் தொடங்கின. அவற்றுள் ஒன்று நம் நாட்டுத் தொடர்புடையது. அன்றைய வங்காளத்தின் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதல்வராக இருந்தவர் மைக்கேல் வெஸ்ட். வங்காள மாணவர்கள் ஆங்கில நூல்களைப் படித்து அறிவு பெறுவதற்கு எத்தனை சொற்கள் இன்றியமையாதவை என்று ஆராய்ந்தார். 1935-இல் எண்டிகாட் என்பவருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட அகராதியில் 18,000 சொற்களுக்கும் 6,000 மரபுத்தொடர்களுக்கும் விளக்கம் இருந்தது. விளக்கங்கள் அனைத்தும் 1,490 சொற்களுக்குள் எழுதப்பட்டவை. மூன்று சொல்லுக்கு ஒரு மரபுத்தொடர் என்ற கணக்கைக் கவனியுங்கள். சொற்களை மட்டும் கற்றால் போதாது என்பதை டாக்கா வகுப்பறைகள் அவருக்குக் காட்டியிருந்தன.

இங்கிலாந்தில் ஆக்டன் என்பவர் வேறு வழியில் சென்றார். 1930-இல் அவர் வகுத்த 'பேசிக் இங்கிலிஷ்' 850 சொற்களே கொண்டது. அவற்றுள் வினைகள் பதினெட்டே! 'என்டர்' வேண்டாம், 'கோ இன்' போதும். 'டிஸ்கவர்' வேண்டாம், வேறு சிறுசொற்களைக் கூட்டிச் சொல்லலாம் என்பது அவர் கொள்கை. 1943-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேசிய சர்ச்சில் இதனை வெகுவாகப் பாராட்டினார். ஆனால் கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது. 'புட்', 'அப்', 'வித்' ஆகிய மூன்றும் எளிய சொற்கள்தாம். பொறுத்துக்கொள் என்ற பொருள் அவற்றில் எங்கே ஒளிந்திருக்கிறது? இத்தகையவற்றைத் தனித்தனியே கற்கத்தான் வேண்டியிருந்தது. வினைகளைக் குறைத்ததால் சுமை குறையவில்லை. அகராதியிலிருந்து கற்பவர் தலைக்கு இடம் மாறியது. வெஸ்ட் பிடித்த அளவுக்கு நோயின் வேரை ஆக்டன் பிடிக்கவில்லை என்றே சொல்லவேண்டும்.

ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பியும் அவருடைய துணைவர்களும் தொகுத்த அகராதி 1942-இல் டோக்கியோவில் வெளிவந்தது. இதையே 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு அச்சகம் புதிய பெயரில் வெளியிட்டது. மாணவர் மேசைகளில் இன்றும் காணப்படும் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதியின் மூலம் இதுதான். ஆக, ஆங்கிலத் தொடர்வினைகளைக் கற்பிக்கும் கலை இலண்டனைவிட டாக்காவிலும் டோக்கியோவிலுமே மிகுதியாக வளர்ந்தது எனலாம்.

சொல்லில் உறைந்த பொறிகள்

தொடர்வினைகளிலும் அன்றாட மரபுத்தொடர்களிலும் பழைய பொறிகள் பல உறைந்து கிடக்கின்றன. தீயை 'புட் அவுட்' செய்கின்றனர். மின்விளக்கை 'டர்ன் ஆஃப்' செய்கின்றனர். டர்ன் என்றால் திருகு. தண்ணீர்க் குழாயையும் எரிவாயு விளக்கையும் நிறுத்தத் திருக வேண்டியிருந்தது. இன்று பொத்தானை அழுத்துகிறோம். சொல்லில் மட்டும் திருகல் நிற்கிறது. தொலைபேசிப் பேச்சை முடிப்பது 'ஹாங் அப்'. சுவரில் பொருத்திய பழைய தொலைபேசியில் கேட்குங்குழலைக் கொக்கியில் தொங்கவிட்டால்தான் இணைப்பு அறும். கொக்கியும் இல்லை, குழலும் இல்லை. சட்டைப்பைத் தொலைபேசியையும் ஆங்கிலேயர் 'தொங்கவிட்டு'த்தான் வைக்கின்றனர். மனத்திலுள்ள கோபத்தைக் கொட்டித் தீர்ப்பது 'லெட் ஆஃப் ஸ்டீம்'. நீராவிக் கொதிகலனின் காப்பு வால்வு தந்த தொடர் அது. கணினியில் 'லாக் இன்' செய்கிறோம். கப்பலின் வேகத்தை அளக்கக் கயிற்றில் கட்டிக் கடலில் எறிந்த மரக்கட்டைக்கு 'லாக்' என்று பெயர். அளவுகளைக் குறித்த ஏடு 'லாக் புக்' ஆயிற்று. அந்தக் கட்டைதான் மிதந்து மிதந்து கணினி வரை வந்துவிட்டது.

மரபுத்தொடர் எல்லாம் பொறியிலிருந்து வந்தவை அல்ல. இறந்தார் என்பதை ஆங்கிலேயர் 'பாஸ் அவே' என்பர். கடந்து சென்றார் என்று பொருள். செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கல வழக்கு என்று நம் இலக்கண உரைகள் கூறும். தூக்கமானாலும் பயணமானாலும் கூச்சம் ஒன்றுதான்.

இனி, தொடக்கத்தில் விட்ட 'ஆஃப்' என்ற சொல்லுக்கு வருவோம். ஓர் 'எஃப்' உள்ள சொல்லும் இரண்டு 'எஃப்' உள்ள சொல்லும் முற்காலத்தில் ஒன்றே. விட்டு, நீங்கி என்பது அதன் பொருள். அழுத்தமாக ஒலித்த இடத்தில் இரண்டு 'எஃப்' வந்தது. பதினேழாம் நூற்றாண்டளவில் இரண்டும் தனிச்சொற்களாக நிலைபெற்றன. இப்போது பாருங்கள். சாவியைத் தட்டினால் விளக்கு மின்னோட்டத்திலிருந்து பிரிகிறது: 'ஆஃப்'. வாயு தாவரத்தை விட்டுப் பிரிகிறது: அதுவும் 'ஆஃப்'. வானூர்தி தரையை விட்டுப் பிரிவதும் 'டேக் ஆஃப்'. நிறுத்தம் என்பது 'ஆஃப்' என்பதன் வேர்ப்பொருளன்று. விளக்கின் விஷயத்தில் விளைந்த கிளைப்பொருள். துப்பாக்கி வெடிப்பதையும் கடிகார அலாரம் அடிக்கத் தொடங்குவதையும் ஆங்கிலத்தில் 'கோ ஆஃப்' என்பர். விளக்கு 'ஆஃப்' ஆனது என்று தமிழில் பேசிப் பழகிய நாம் அலாரம் நின்றுவிட்டது என்று எண்ணிக்கொள்வோம். அது அப்போதுதான் அலறத் தொடங்கியிருக்கும்!

'அப்' என்பதற்கும் இத்தகைய வேர் உண்டு. குடத்தில் நீர் மேலே ஏற ஏற நிறைகிறது. மேலே என்பதிலிருந்து நிறைவு, நிறைவிலிருந்து முழுமை. 'ஈட் அப்', 'யூஸ் அப்', 'டிரை அப்' ஆகியவற்றில் 'அப்' தருவது, தின்றுவிடு, தீர்த்துவிடு, வற்றிவிடு என்பவற்றில் நம் 'விடு' என்னும் துணைவினை தரும் பொருளை ஒத்தது. எல்லாத் தொடர்வினைகளும் இவ்வளவு எளிதில் அவிழ்ந்துவிடும் என்று ஏமாற வேண்டாம். 'புட் அப் வித்' எந்தத் திறவுகோலுக்கும் திறக்காது. அதை அப்படியே விழுங்கத்தான் வேண்டும்.

இதற்கிடையில் ஒரு வேடிக்கை. தொடர்வினை தெரியாது என்று சொல்லும் தமிழர், அதன் பெயர்ச்சொல் வடிவங்களை நாள்தோறும் வழங்குகிறார். காவல் நிலையத்தில் 'லாக்கப்', நாடகத்தில் 'மேக்கப்', மனைப்பிரிவில் 'லே-அவுட்', நடுவழியில் பேருந்து 'பிரேக்டவுன்', கிரிக்கெட்டில் 'ரன் அவுட்', கல்லூரிச் சேர்க்கையில் 'கட்-ஆஃப்'. ஒன்றுமில்லாததைப் பெரிதாக்கிக் காட்டுபவன் 'பில்டப்' கொடுக்கிறான்! இவற்றைப் பெயராக அறிந்தவருக்கு வினையாக அறிவது அரை நாள் வேலை. ஒலிப்பில் மட்டும் கவனம் வேண்டும். பெயராக வரும்போது அழுத்தம் முதற்சொல்லில் விழும்; வினையாக வரும்போது பெரும்பாலும் 'அப்', 'டவுன்' என்ற இடைச்சொல்லில் விழும்.

கணினி காட்டியவை

1980-களில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் ஆங்கில நூல்கள், இதழ்கள், பேச்சுகள் ஆகியவற்றைக் கணினியில் திரட்டினர். 1987-இல் வெளிவந்த அவர்களது கோபில்டு அகராதி இதன் பயன். தொடங்கு என்னும் பொருளுள்ள 'செட் இன்' என்ற தொடரைக் கணினியில் தேடியபோது சின்க்ளேர் ஒன்றைக் கவனித்தார். எவை 'செட் இன்' ஆகின்றன? அழுகல், நோய்த்தொற்று, சலிப்பு போன்ற வேண்டாதவையே பெரும்பாலும். திருவிழா 'செட் இன்' ஆவதில்லை. ஆங்கிலேயர் இவ்விதியை அறியாமலேயே பின்பற்றி வந்திருக்கின்றனர். எந்த அகராதியும் அதுவரை இதைச் சொல்லவில்லை. 'பிரேக் அவுட்' என்பதும் அவ்வாறே. போரும் தீயும் கொள்ளைநோயும் 'பிரேக் அவுட்' ஆகும்.

1985-இல் தகுத், லாஃபர் ஆகிய இருவர் இஸ்ரேலிய மாணவர்களை ஆராய்ந்தனர். தொடர்வினை, ஒற்றைச்சொல் ஆகிய இரண்டில் எதையும் பயன்படுத்தலாம் என்ற இடத்தில், ஹீப்ரு பேசுவோர் தொடர்வினையைத் தவிர்த்து ஒற்றைச்சொல்லையே நாடினர். ஹீப்ரு மொழியில் இத்தகைய அமைப்பு இல்லை. 1993-இல் சுவீடன் மாணவர்களிடம் இதே கேள்வியை எழுப்பியபோது அவர்களிடம் அந்தத் தயக்கம் காணப்படவில்லை. சுவீடிஷ் மொழி பழைய நோர்ஸ் மொழியின் வழித்தோன்றல்; தொடர்வினைகள் நிறைந்தது. வைக்கிங்குகளின் பேரப்பிள்ளைகளுக்கு வைக்கிங்குகளின் மொழிப்போக்கு கடினமாக இல்லை என்பதில் வியப்பென்ன?

மாணவர்களுக்கு மிகவும் ஆறுதல் தரத்தக்க கணக்கு 2007-இல் வந்தது. கார்ட்னர், டேவிஸ் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 10 கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் தேசியச் சொல்திரட்டில் தொடர்வினைகளை எண்ணினர். அகராதிகளில் ஆயிரக்கணக்கில் தொடர்வினைகள் இருந்தாலும், மிகுதியாக வழங்கும் 25 தொடர்வினைகளே மொத்தப் பயன்பாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டிருந்தன. முதல் 100 தொடர்வினைகளை எடுத்துக்கொண்டால் பாதிக்கும் மேல். இங்கே ஒரு சிக்கலும் உண்டு. அந்த நூற்றில் ஒவ்வொன்றுக்கும் சராசரியாக ஐந்துக்கும் மேற்பட்ட பொருள்கள் இருந்தன. நூறு தொடர்களைக் கற்பது என்பது உண்மையில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களைக் கற்பதாகும். நாளொன்றுக்கு இரண்டு பொருள் என்று வைத்தாலும் ஓராண்டுக்குள் முடிந்துவிடும் வேலைதான்.

அந்தப் பட்டியலில் முதலிடம் பெற்ற தொடர்வினை 'கோ ஆன்'. தொடர்ந்து செல் என்பது அதன் பொருள்களுள் ஒன்று.